சூடானதும் இறுகிய பிறேக்: கல்லடியில் ஒரு பழைய கொரோலாவின் பூஸ்டர் புஷ்றொட்டை அளந்து திருத்திய நிகழ்வு

பழைய கார் வைத்திருக்கிறவர்களும் அவற்றைத் திருத்துகிறவர்களும் வாசிக்க வேண்டும் என்று இதை எழுதுகிறேன். கார்ச் சொந்தக்காரரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், பெயர்கள் எதுவும் இல்லை. பிறேக் விஷயம் என்பதால் அளவுகளை அளந்தபடியே தந்திருக்கிறேன், ஆனால் அவை இந்த ஒரு காருக்கு மட்டும் உரியவை. உங்கள் காரில் நீங்கள்தான் அளக்க வேண்டும்.

பின்னணி

கார் 1977ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா, கேஈ30. 1166 சிசி 3கே எஞ்சின், முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம், வக்கியூம் பூஸ்டர் (எஞ்சினின் வெற்றிட இழுவையால் கால் மிதிக்கிற பலத்தைக் கூட்டுகிற பாகம்), இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர் (மிதிக்கும்போது பிறேக் ஒயிலைச் சில்லுகளுக்குத் தள்ளுகிற பாகம்). சொந்தக்காரர் மட்டக்களப்பு கல்லடியில் இருக்கிற ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர். 2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்ற பிறகு எங்கள் பக்கம் பல வீடுகளில் கொட்டிலுக்குள் கிடந்த கார்கள் திரும்பவும் றோட்டுக்கு வந்தன, இதுவும் அப்படி வந்த ஒன்றுதான்.

எழுப்பும்போதே பூஸ்டர் பழுது. எஞ்சின் ஓடும்போது பெடலை மிதித்தால் உஸ் என்று காற்று இழுக்கும் சத்தம், பெடலும் பாரம். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் இருந்து திருத்திப் புதுப்பித்த பூஸ்டர் ஒன்று எடுத்துப் பூட்டினார்கள், பழையதை மாற்றாகக் கொடுத்துவிட்டார்கள். அதோடு கார் பல மாதங்கள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அப்புறம் மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள் கசியத் தொடங்கியது. பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்கும், வெளியே ஒரு சொட்டு ஒயிலும் தெரியாது. புதுச் சிலிண்டர் ஒன்று வாங்கினார்கள். அதே விட்டம், அதே போல்ட் துவாரங்கள், குழாய்களும் அதே இடத்தில் வந்து பொருந்தின. கொம்பனி அசல் இல்லை, வேறு தயாரிப்பு, ஆனால் தரமானதுதான். பூட்டி, பிறேக் குழாய்களுக்குள் இருந்த காற்றை எடுத்து, கல்லடிக்குள் ஓட்டிப் பார்த்தபோது பிறேக் நன்றாக இருந்தது. பெடல் முன்பை விட மேலே பிடிக்கிறது என்று எல்லாருக்கும் சந்தோசம். மேலே பிடித்த அந்தப் பெடல்தான் முதல் அறிகுறி என்று இப்போது சொல்ல முடிகிறது.

றோட்டில் நடந்தது

கல்முனைக்கு ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கல்லடியில் இருந்து ஏ4 வீதியால் தெற்கே கிட்டத்தட்ட 40 கிலோமீட்டர், முழுக்கச் சமதரை. காத்தான்குடி வரைக்கும் ஒன்றுமில்லை. அங்கே நடு வீதியில் பேரீச்சை மரங்கள் நிற்கிற பகுதியில் பின்னேர நெரிசல், ஆட்டோவும் மோட்டார் சைக்கிளும் குறுக்கே வர வர மிதித்து மிதித்துத்தான் போக வேண்டும். ஆரையம்பதி கடந்ததும் எஞ்சின் இழுவை குறைந்த மாதிரி இருந்ததாம். கிரான்குளத்தில் ஆக்சிலேட்டரை விட்டால் கார் உருளாமல் நின்றது. களுவாஞ்சிகுடிக்குக் கிட்ட முன் சில்லுகளில் இருந்து கருகல் மணமும் லேசான புகையும். ஓரமாக நிறுத்தினார்கள்.

அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "தம்பி, பெடல் கல்லு மாதிரிக் கிடக்கு. காலை எடுத்தாலும் கார் விடுதில்ல. மறுகா ஒரு மணித்தியாலம் மரத்துக்குக் கீழ விட்டம், தானாச் சரி வந்திட்டு."

'தானாச் சரி வந்திட்டு' என்பது இங்கே மிக முக்கியமான தகவல். துருப்பிடித்து இறுகிய கலிப்பர் (பாட்களை டிஸ்கில் அழுத்துகிற பாகம்) ஒரு மணித்தியாலத்தில் தானாகச் சரியாகாது. சூடாகும்போது இறுகி, ஆறும்போது விடுகிறது என்றால் பிறேக் ஒயில் விரிந்து, போக வழி இல்லாமல் அடைபட்டு நிற்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும்.

முதல் கராஜில் செய்தது

அடுத்த நாள் கொண்டுபோன கராஜில் முன் கலிப்பர் இரண்டையும் கழற்றி, ரப்பர் சீல்கள் மாற்றி, முன் வளைகுழாய் இரண்டும் புதிதாகப் போட்டார்கள். குறை சொல்ல மாட்டேன். மணமும் புகையும் முன் சில்லில் வந்தால் பெரும்பாலான கைகள் முதலில் அங்கேதான் போகும், பழைய வளைகுழாய் உட்பக்கம் வீங்கி ஒயிலைத் திரும்ப விடாமல் பிடிப்பதும் உண்மையில் அடிக்கடி நடக்கிறதுதான். ஆனால் அப்படி நடந்தால் பொதுவாக ஒரு பக்கச் சில்லுதான் இறுகும், கார் ஒரு பக்கம் இழுக்கும். இங்கே இரண்டு பக்கமும் ஒரே அளவில் இறுகியிருந்தது, கார் நேராகத்தான் போனது. இரண்டு பக்கமும் சமமாக இறுகினால் இரண்டுக்கும் பொதுவான இடத்தைப் பார்க்க வேண்டும், அதாவது மாஸ்டர் சிலிண்டரும் அதற்குப் பின்னால் இருப்பவையும்.

ஜக் போட்டுச் சில்லைச் சுற்றியபோது நன்றாகச் சுற்றியது. எஞ்சின் நிறுத்தி, கார் ஆறி இருந்தது, ஆகவே சுற்றத்தான் செய்யும். கொடுத்தனுப்பினார்கள். செங்கலடிப் பக்கம் போய் வரும்போது திரும்பவும் அதே கதை.

புஷ்றொட் என்ன செய்கிறது

தெரிந்தவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். பூஸ்டரின் முன் முகத்தில் இருந்து ஒரு தண்டு நீட்டிக்கொண்டு நிற்கும், அதுதான் புஷ்றொட், அது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனின் பின் குழிக்குள் போய்த் தள்ளும். காலை எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்னுக்கு வந்து அதன் நிறுத்து வளையத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் பிஸ்டனின் ரப்பர் விளிம்புக்குச் சற்று முன்னால் இருக்கிற, ஊசி போகிற அளவு சின்னத் துவாரம் ஒன்று திறந்திருக்கும். சூட்டில் விரிகிற ஒயில் அந்த வழியால்தான் மேலே தொட்டிக்குத் திரும்புகிறது.

தண்டு நீளமாக இருந்தால் காலை எடுத்த பிறகும் பிஸ்டனைக் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளி வைத்திருக்கும், துவாரம் மூடிக்கிடக்கும். பிறேக் பிடிக்கப் பிடிக்கச் சூடு, சூட்டில் ஒயில் விரியும், போக இடமில்லை, பாட் டிஸ்கை அழுத்தும், அதனால் இன்னும் சூடு. ட்ரம்மில் இழுத்துப் பிடிக்கிற ஸ்பிரிங் இருப்பதால் அது சற்றுத் தாக்குப்பிடிக்கும், டிஸ்கில் அப்படி ஒன்று இல்லை, அதனால் முன் சில்லுதான் முதலில் காட்டும். தண்டு கட்டையாக இருந்தால் மறுபக்கம்: பெடல் வெறுமையாகக் கீழே போய்த்தான் பிடிக்கும்.

நாங்கள் பார்த்த ஒழுங்கு

நான் வாகனத் திருத்தம் படிப்பிக்கிற ஆள். சேர் காரைக் கொண்டுவந்தபோது இரண்டு மாணவர்கள் கூட இருந்தார்கள். ஆறிய காரைப் பிரித்துப் பார்ப்பதில்லை என்று முதலிலேயே முடிவெடுத்தோம். இறுகிய நிலையில் பார்த்தால்தான் எது பிடிக்கிறது என்று தெரியும். நாவற்குடாப் பக்கம் மிதித்து மிதித்து ஓட்டி, இறுகத் தொடங்கியதும் கொண்டுவந்து, முன்பக்கத்தை ஜக்கில் ஏற்றித் தாங்கி வைத்தோம். இரண்டு முன் சில்லும் கையால் அசையவில்லை.

முதலில் பெடல். பெடலுக்கும் பூஸ்டருக்கும் இடையில் சில மில்லிமீட்டர் வெற்று அசைவு இருக்க வேண்டும், இருந்தது. பிறேக் லைட் சுவிட்ச் பெடலை அமத்திப் பிடிக்கவும் இல்லை. அந்தச் சுவிட்சைத் தவறாகத் திருகினாலும் இதே நோய்தான் வரும் என்பதால் இதை எப்போதும் முதலில் பார்க்க வேண்டும், ஒன்றையும் கழற்றாமல் முடிகிற வேலை.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி, பூஸ்டருக்குள் வக்கியூம் இருக்கும்போதே, மாஸ்டர் சிலிண்டரைப் பூஸ்டரோடு பிடித்திருக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தினோம். சிலிண்டர் தானாகவே 2 மில்லிமீட்டர் அளவு முன்னுக்கு வந்தது, அந்த நொடியே சில்லு இரண்டும் விட்டன. சிலிண்டருக்கும் பூஸ்டருக்கும் இடையில் நெருக்கம் என்று இதோடு தெளிவாகிவிட்டது.

நட்டைத் தளர்த்தியும் விடாமல் இருந்திருந்தால் அடுத்ததாகச் சிலிண்டரில் குழாய் இணைப்பைத் தளர்த்தியிருப்போம், அதில் விட்டால் சிலிண்டரின் துவாரம் அடைபட்டிருக்கிறது. அதிலும் விடாவிட்டால் சில்லில் காற்றெடுக்கும் திருகை, அதில் விட்டால் வளைகுழாய். அதிலும் விடாவிட்டால்தான் கலிப்பர். மேலிருந்து கீழே வர வேண்டும். முதல் கராஜ் கீழிருந்து தொடங்கியதால் நல்ல பாகங்களை மாற்றிக் காசு போனது.

இன்னொன்று. பலர் முதலில் வக்கியூம் குழாயைப் பிடுங்கிப் பார்ப்பார்கள். இந்தக் காரில் அப்படிச் செய்திருந்தாலும் சில்லு விட்டிருக்கும், காரணம் கீழே அளவுகளில் வருகிறது, ஆனால் பூஸ்டர் வால்வு பழுது என்று தீர்ப்பாகி இன்னொரு பூஸ்டர் வாங்கியிருப்பார்கள். வால்வு பழுதா என்று தனியாகப் பார்க்க, கார் நன்றாக ஆறிய பிறகு எஞ்சினை ஓடவிட்டுச் சில்லைச் சுற்றினோம். பெடலைத் தொடாமல் விட்டால் சில்லு சுதந்திரமாகவே சுற்றியது. வால்வு கசிந்து தானாகப் பிறேக் பிடிக்கிற பூஸ்டர் என்றால் எஞ்சின் ஓடத் தொடங்கியதுமே இறுகத் தொடங்கும்.

பிறகு ஒயில் தொட்டியின் மூடியைத் திறந்து, ஒரு மாணவர் பெடலை மெதுவாகத் தொட, நான் உள்ளே பார்த்தேன். எஞ்சின் நின்று, பூஸ்டருக்குள் வக்கியூமும் தீர்ந்திருந்தபோது ஒயில் மேற்பரப்பில் ஒரு சின்னக் கொப்புளிப்பு தெரிந்தது, மிக மெல்லியதாக. எஞ்சின் ஓடும்போது ஒன்றுமே இல்லை. துவாரம் திறந்திருந்தால் பெடலின் முதல் அசைவில் கொஞ்சம் ஒயில் மேலே கொப்புளிக்கும், மூடியிருந்தால் கொப்புளிக்காது. ஆகவே எஞ்சின் நின்றால் மயிரிழை திறப்பு, ஓடினால் முழு மூடல். கராஜில் ஏன் யாருக்கும் பிழை தெரியவில்லை என்பதற்கு இதுதான் விடை: எல்லாரும் எஞ்சினை நிறுத்திவிட்டுத்தான் பார்த்தார்கள்.

அளவுகள்

ஒயிலை உறிஞ்சி எடுத்து, குழாய் வாய்களை மூடி, சிலிண்டரைக் கழற்றினோம். வேணியர் இடுக்கிமானியின் ஆழக்கோலும் ஒரு நேரான உருக்குச் சட்டமும் போதும்.

சிலிண்டரின் மூக்கு, போல்ட் பூட்டும் முகத்தில் இருந்து 9.3 மிமீ வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மூக்கின் நுனியில் இருந்து பிஸ்டன் குழியின் அடி வரை 17.9 மிமீ. கழித்தால், பூட்டும் முகத்தில் இருந்து குழியின் அடி 8.6 மிமீ ஆழம். பூஸ்டர் முகத்தில் இருந்து தண்டின் நுனி 9.5 மிமீ நீட்டம். இடையில் கஸ்கட் கிடையாது, உலோகத்தோடு உலோகம். அப்படியென்றால் தண்டு 0.9 மிமீ கூடுதல்.

இந்தப் பூஸ்டரில் தண்டைச் சுற்றி முகத்திலேயே சீல் இருந்ததால் சிலிண்டர் இல்லாமலும் வக்கியூம் நின்றது. எஞ்சினை ஓடவிட்டுத் திரும்ப அளந்தோம்: 9.8 மிமீ. வக்கியூம் இழுக்கும்போது பூஸ்டரின் தகரக் கூடு சற்று உள்ளே வளைகிறது, தண்டு அதே இடத்தில் நிற்கிறது, அதனால் நீட்டம் கூடுகிறது. சில தயாரிப்பாளர்கள் 500 மிமீ இரசம் அளவு வக்கியூம் கொடுத்துத்தான் இந்த அளவை எடுக்கச் சொல்வது இதனால்தான். 0.9 மிமீ தள்ளலில் துவாரம் அரைகுறையாகத் திறந்திருந்தது, 1.2 மிமீயில் மூடிவிட்டது.

இந்த வேலையில் ஒரு எச்சரிக்கை. சிலிண்டர் இல்லாமல் எஞ்சின் ஓடும்போது யாரும் பெடலில் கால் வைக்கக் கூடாது. தண்டு தாங்கலில்லாமல் பலமாக வெளியே தள்ளப்படும், விரல் போகும், பூஸ்டரும் கெடும். ஓட்டுநர் இருக்கையில் யாரும் இல்லாமல், கதவைப் பூட்டிவிட்டுத்தான் அளந்தோம்.

அப்போது சேர் ஒரு விஷயம் செய்தார், அதற்கு நான் நன்றியுள்ளவன். வீட்டுக் கொட்டிலில் எறியாமல் வைத்திருந்த பழைய மாஸ்டர் சிலிண்டரைக் கொண்டுவந்து தந்தார். "ஒப்பிட்டுப் பார்க்க ஒண்டு வேணும்தானே தம்பி" என்றார். அதன் குழி ஆழம் 10.1 மிமீ. 9.8 மிமீ தண்டுக்கு முன்னால் 0.3 மிமீ இடைவெளி இருந்திருக்கிறது, அதுதான் பல மாதங்கள் பிரச்சினையில்லாமல் ஓடியிருக்கிறது. பூஸ்டரில் பிழையில்லை, புதுச் சிலிண்டரிலும் பிழையில்லை. இந்த இரண்டும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் பிழை, அந்த இடத்தை ஒருவரும் அளக்கவில்லை.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

சேரின் மருமகன் சிலிண்டருக்கும் பூஸ்டருக்கும் இடையில் வாசர் வைத்துவிடலாம் என்றார். பல இடங்களில் செய்கிறார்கள், சில்லும் விடும். நான் மறுத்தேன். வாசர் வைத்தால் சிலிண்டர் முழு முகத்திலும் உட்காராமல் இரண்டு இடத்தில் மட்டும் தாங்கும், நட்டுக்குக் கிடைக்கிற மரை குறையும். நாளைக்கு வேறொருவர் கழற்றிப் பூட்டும்போது இந்த வாசர் எதற்கு என்று எறிந்துவிட்டால் கார் திரும்பவும் றோட்டில் இறுகும். சிலிண்டரின் மூக்கில் இருக்கிற ரப்பர் வளையமே வக்கியூமை அடைக்கிற வகைப் பூஸ்டர்களும் உண்டு, அவற்றில் வாசர் வைத்தால் காற்றும் இழுக்கும்.

வேறு சிலிண்டர் தேடுவதும் வேண்டாம் என்று முடிவானது. அடுத்ததன் குழி எவ்வளவு ஆழம் என்று யாருக்குத் தெரியும்? தண்டின் நுனி திருகித் திருத்துகிற வகை, அதைத் திருத்துவதற்கென்றே வைத்திருக்கிறார்கள்.

எவ்வளவு விடுவது என்பதில் கொஞ்சம் பேச்சு நடந்தது. பயந்துபோன மருமகன் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள் என்றார். பெடலின் நெம்பு விகிதம் 4 என்று எடுத்தால் தண்டில் விடுகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் காலில் 4 மில்லிமீட்டர் வெறும் ஓட்டம். பின் ட்ரம் தேயத் தேயப் பெடல் இன்னும் கீழே போகும், அவசரத்தில் மிதிக்கும்போது அந்த வெறுமை ஆபத்து. வக்கியூம் இருக்கும்போது 0.5 மிமீ இடைவெளி என்று தீர்மானித்தோம். அதற்குத் தண்டு எஞ்சின் ஓடும்போது 8.1 மிமீ நிற்க வேண்டும், அதாவது 1.7 மிமீ குறைக்க வேண்டும்.

திருத்தியது

மரையின் இடைவெளி 1 மிமீ, ஆகவே ஒன்றே முக்கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவு. தண்டைச் சிறு குறட்டால் அசையாமல் பிடித்து, நுனியை மட்டும் ஸ்பானரால் திருகினோம். தண்டை வெளியே இழுக்கவே கூடாது. உள்ளே அதன் அடியில் ஒரு ரப்பர் வட்டு இருக்கும், தண்டை இழுத்தால் அது நழுவிப் பூஸ்டருக்குள் விழலாம். அது இல்லாமல் பூட்டினால் தொட்டதும் பிறேக் வெறி பிடித்த மாதிரிப் பிடிக்கும், பூஸ்டரைப் பிரிக்காமல் எடுக்கவும் முடியாது. நுனியின் மரை கையால் சுற்ற முடியாத அளவு இறுக்கமாக இருந்ததையும் பார்த்துக்கொண்டோம். தளர்வாக இருந்தால் ஓட ஓட அளவு மாறும்.

கணக்கு ஒரு பக்கம், இரண்டாவது வழியாலும் பார்க்க வேண்டும் என்று பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிசின் ஒரு கடலையளவு எடுத்து, மெல்லிய பொலித்தீனில் சுற்றிப் பிஸ்டன் குழியில் வைத்தோம். சிலிண்டரைக் குழாய் இல்லாமல் பூட்டி, எஞ்சினைச் சற்று ஓடவிட்டு, நிறுத்திக் கழற்றினோம். நசிந்த இடத்தின் தடிப்பு அரை மில்லிமீட்டர் அளவு. பொலித்தீனின் ஒரு துண்டும் குழிக்குள் தங்காமல் துடைத்த பிறகுதான் இறுதியாகப் பூட்டினோம்.

மற்றவையும் விடவில்லை. அவ்வளவு சூடு பட்ட பாட்கள் கண்ணாடி மாதிரிப் பளபளத்துக் கிடந்தன, மாற்றினோம். முன் பெயரிங் கிறீஸ் உருகியிருந்தது, கழுவிப் புதிது போட்டோம். பிறேக் ஒயில் முழுவதும் மாற்றினோம். புது டொட் 3 ஒயிலின் கொதிநிலை குறைந்தது 205 பாகை, ஈரம் உறிஞ்சினால் 140 வரை இறங்கும். கடலும் வாவியும் சூழ்ந்த எங்கள் ஊர் ஈரக்காற்றில் இதைப் பிந்தப் போடக் கூடாது.

பிறகு நடந்தது

மூடியைத் திறந்து பார்த்தபோது எஞ்சின் ஓடும்போதும் கொப்புளிப்பு தெளிவாகத் தெரிந்தது. பெடல் முன்பை விடச் சற்றுக் கீழே பிடித்தது, சேருக்கு அது முதலில் பிடிக்கவில்லை. பின் ட்ரம்மின் லைனரை இறுக்கித் திருத்தியதும் பாதி சரியானது, மீதி இருக்க வேண்டிய அளவுதான் என்று விளங்கப்படுத்தினேன்.

அதே வழியால், அதே நெரிசல் நேரத்தில் கல்முனைக்கு ஓட்டினோம். காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, பெரியகல்லாறு என்று நிறுத்தி நிறுத்தி முன் சில்லு இரண்டையும் தொட்டுப் பார்த்தோம். இளஞ்சூடு, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. கல்முனையில் ஜக் போட்டு, எஞ்சினை ஓடவிட்டபடியே சுற்றிப் பார்த்தபோது இரண்டும் சுற்றின. அதன் பிறகு மழைக்காலம் ஒன்று கடந்துவிட்டது, கார் ஒருமுறையும் இறுகவில்லை.

என்ன மாற வேண்டும்

பழைய சிலிண்டரைக் கழற்றிய உடனேயே குழி ஆழத்தையும் தண்டின் நீட்டத்தையும் எழுதி வைக்க வேண்டும், ஐந்து நிமிட வேலை. பூஸ்டரை மாற்றாகக் கொடுக்கிறவர்கள் பழையதன் தண்டு நீட்டத்தை அளக்காமல் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அசல் அளவு போய்விட்டது. பெட்டியில் கார் மாடல் பெயர் இருக்கிறது என்பது பொருந்தும் என்பதற்கு மட்டும்தான் சாட்சி, குழியின் ஆழத்துக்குச் சாட்சி இல்லை.

சேரின் காரில் பூஸ்டர் கூட்டின் மேல் வெள்ளைப் பெயின்ற்றால் "தண்டு 8.1, குழி 8.6, எஞ்சின் ஓடும்போது" என்று எழுதிவிட்டோம். முதலில் வேலை செய்த கராஜ்காரரும் வந்து பார்த்தார், நட்டைத் தளர்த்திப் பார்க்கிற முறையை மாணவர்களோடு சேர்ந்து செய்து பார்த்தார். போன மாதம் அவரிடம் வந்த பழைய லான்சர் ஒன்றில் பெடல் பாதிக்குக் கீழே போய்ப் பிடித்ததாம். ட்ரம் திருத்தம் சரியாக இருந்தும் மாறாததால் சிலிண்டரைக் கழற்றி அளந்திருக்கிறார், தண்டு 2 மிமீ கட்டை. 1.5 மிமீ நீட்டிவிட்டு, எஞ்சின் ஓடும்போது கொப்புளிப்பையும் பார்த்த பிறகுதான் காரை வெளியே விட்டார்.